மருத்துவரைத் தந்த தாய்

(முதியோர் நாளையொட்டி ஊராட்சி உறுப்பினர்களும் உழவர்களும் கூடியிருந்த கூட்டத்தில் நிகழ்த்தப்பெற்ற உரை)



முதியோரைப் பற்றிப் பேசுமாறு நம்மைக் கேட்டுக்கொண்டார்கள். முதியோரைப் போற்ற வேண்டும் என்று பொதுப்படச் சொல்லிவிட்டு அமர்வது எளிது. கேட்போர் கை தட்டுவதும் எளிது. கூட்டம் கலைந்து வீடு சென்ற பின், திண்ணையில் உட்கார்ந்திருக்கும் கிழவி காலையில் கஞ்சி குடித்தாளா என்று கேட்பதுதான் அரிதாக இருக்கிறது. ஆகவே பொதுவாகப் பேசுவதை விடுத்து, இப்பாலாற்றங்கரையிலேயே நெடுங்காலம் வாழ்ந்து மறைந்த ஒரு தாயின் வரலாற்றை எடுத்துக்கொண்டு, அதனோடு நம் ஊர்களின் நிலைமையையும் சேர்த்துப் பார்க்கலாமென எண்ணுகிறோம்.

வேலூர் என்றதும் வெளியூரார் இரண்டைக் கேட்பர். ஒன்று கோட்டை, மற்றொன்று பெரிய ஆஸ்பத்திரி. அந்த ஆஸ்பத்திரியை நிறுவிய டாக்டர் ஐடா ஸ்கட்டர் அம்மையாரின் பெயரை அறியாதார் இம்மாவட்டத்தில் இல்லை. ஆனால் அவரைப் பெற்றெடுத்த தாயின் பெயரைக் கேட்டால் எத்தனை பேர் சொல்லக்கூடும்? சோபியா வெல்ட் ஸ்கட்டர் என்பது அத்தாயின் பெயர். மகளின் வரலாற்றை எழுதியோர் தாயை ஓரிரு இடங்களில் குறிப்பிட்டுவிட்டு மேலே சென்றுவிடுகின்றனர். அந்த ஓரிரு இடங்களைச் சேர்த்துவைத்துப் பார்த்தால், தாய் இல்லாவிடில் மகளின் வரலாறே நிகழ்ந்திராது என்பது விளங்குகிறது. அவர்கள் சமயப் பணியை முன்னிட்டு இந்நாட்டிற்கு வந்தவர்கள். அதனைப் பற்றிப் பேசுவது இன்று நம் நோக்கமன்று. ஒரு தாய் என்ற முறையிலேயே அவரை நினைவு கூர்கிறோம்.

சோபியா அம்மையார் மணம் புரிந்துகொண்ட டாக்டர் ஜான் ஸ்கட்டர், அதே பெயர் கொண்ட முதிய டாக்டர் ஜான் ஸ்கட்டரின் கடைசி மகன். அம்முதியவர் 1819ஆம் ஆண்டில் அமெரிக்காவிலிருந்து இலங்கைக்குக் கப்பலேறிய மருத்துவர். மகன் யாழ்ப்பாணப் பகுதியில் பிறந்தவர். ஆதலால் தமிழ் மண் அவருக்குப் பிறந்த மண்ணாகவே இருந்தது. சோபியா அம்மையாருக்கோ அவ்வாறில்லை. குளிர் நாட்டில் பிறந்து வளர்ந்த பெண். உடலும் மெலிந்தது. இந்தியாவின் வெப்பத்தை இப்பெண் தாங்கமாட்டாள் என்று கருதி, அவரை அனுப்பி வைக்கப் பொறுப்பிலிருந்தோர் தயங்கினார்கள் என்றும், கணவர் தம் பொறுப்பிலேயே அழைத்து வந்தார் என்றும் கூறுவர். இது நடந்தது 1861ஆம் ஆண்டில். தாங்கமாட்டாள் என்று கணிக்கப்பெற்ற அப்பெண் அதற்குப் பின் அறுபது ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்து, எண்பது வயதைக் கடந்து, 1925ஆம் ஆண்டில் காலமானார். யார் யார் எவ்வளவு தாங்குவார்கள் என்று மேசைக்கு அப்பால் அமர்ந்து கணிப்பவர்களின் கணக்கு அன்றும் தவறியிருக்கிறது; இன்றும் தவறுகிறது. ஓய்வூதிய மனுக்களைப் பார்க்கும் அலுவலர்கள் இதனை நினைவிற் கொள்ளலாம்.

அக்காலத்து நிலைமையைச் சற்று எண்ணிப் பாருங்கள். சென்னை இராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை 1856ஆம் ஆண்டிலேயே இரயில் ஓடத் தொடங்கிவிட்டது. தென்னாட்டின் முதல் இருப்புப் பாதை அதுவே. இரயிலைவிட்டு இறங்கினால் மாட்டு வண்டிதான். கோடையில் வண்டித் தடத்துப் புழுதி முழங்கால் அளவு எழும். மழைக்காலத்தில் பாலாறு வழிவிட்டால்தான் அக்கரைக்குப் போகலாம். இந்தச் சூழ்நிலையில் ஐந்து ஆண் மக்களையும் ஒரு பெண்ணையும் பெற்று வளர்த்தார் அவ்வம்மையார். கடைசிக் குழந்தை பெண். 1870ஆம் ஆண்டு டிசம்பர் 9ஆம் நாள் இராணிப்பேட்டையில் பிறந்த அக்குழந்தையே ஐடா.

குழந்தைக்கு ஆறு வயது ஆகும்பொழுது தாது வருஷத்துப் பஞ்சம் வந்தது. 1876 முதல் 1878 வரை தென்னாட்டையே உலுக்கிய பஞ்சம் அது. வட ஆர்க்காட்டுப் பாட்டிமார் தம் பாட்டிமாரிடம் கேட்ட கதைகளில் அப்பஞ்சம் இன்னமும் வருகிறது. ஸ்கட்டர் வீட்டு வாசலிலும் பசித்த குழந்தைகள் வந்து விழுந்தன. எழுந்து உண்ணவும் வலுவில்லாத பிள்ளைகளின் வாயில், சிறுமி ஐடா ரொட்டியைப் பிட்டு ஊட்டினாள் என்று அவர் வரலாற்றில் காண்கிறோம். ஆறு வயதுப் பெண் அந்த வேலையைச் செய்ய வேண்டுமாயின், ரொட்டியைக் கையில் கொடுத்து வாசலுக்கு அனுப்பிய தாய் ஒருத்தி உள்ளே இருந்திருக்க வேண்டும் அன்றோ?

பஞ்சத்தின் பின் அக்குடும்பம் அமெரிக்கா சென்றது. சில ஆண்டுகள் கழிந்து தந்தை முதலில் இந்தியாவிற்குத் திரும்பினார். பின்னர் தாயும் கப்பலேறினார். பள்ளியில் படிக்கும் பருவத்திலிருந்த மகளை உறவினர் வீட்டில் விட்டுவிட்டு வந்தார். இவ்விடத்தில் நாம் சற்று நிற்க வேண்டியிருக்கிறது. தாய் பிரிந்து சென்ற இரவில் அப்பெண் பட்ட துயரம் பெரிது. இந்தியாவிற்கே திரும்புவதில்லை, அந்தப் பஞ்சத்தையும் பிணியையும் மறுபடி காண்பதில்லை என்ற உறுதி மகளின் உள்ளத்தில் ஏற்பட்டதற்கு இப்பிரிவும் ஒரு காரணமாயிருந்தது என்பதில் ஐயமில்லை. தாயின் மேல் குற்றம் சொல்லலாமா? கணவர் ஒரு கண்டத்தில், மகள் ஒரு கண்டத்தில்; எந்தப் பக்கம் திரும்பினாலும் மறுபக்கம் குறை. இத்தகைய பிரிவை நம் ஊர்களும் அறியும். பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போகிற தாய், குழந்தையைப் பாட்டியிடம் விட்டு விடியற்காலை பஸ் ஏறுகிறாளே, அவள் மனம் கல்லா? வயிறு ஒருபுறம் இழுக்க, பிள்ளை ஒருபுறம் இழுக்க, இடையில் நின்று அவள் எடுக்கும் முடிவை வெளியிலிருந்து நிறுத்துப் பார்க்க நமக்குத் தராசு இல்லை.

1890ஆம் ஆண்டில் சோபியா அம்மையார் நோய்வாய்ப்பட்டார். அப்பொழுது குடும்பம் திண்டிவனத்தில் இருந்தது. தாயைப் பார்த்துக்கொள்ள வருமாறு மகளுக்குச் செய்தி போயிற்று. ஐடாவுக்கு அப்பொழுது இருபதாவது வயது. அமெரிக்காவில் படிப்பை முடித்து அங்கேயே வாழ எண்ணியிருந்த பெண், தாயின் உடல் தேறும்வரை மட்டும் இருந்துவிட்டுத் திரும்பிவிடுவது என்ற எண்ணத்தோடு வந்து சேர்ந்தாள். தாய்க்கு நோய் வந்திராவிட்டால் மகள் வந்திருக்க மாட்டாள். மகள் வந்திராவிட்டால் வேலூரில் அந்த மருத்துவமனை இருந்திராது. ஊருக்கு நன்மை எந்த வழியாக வந்து சேரும் என்பதை யார் முன்கூட்டிச் சொல்ல முடியும்?

அடுத்து நிகழ்ந்ததைப் பலர் கேட்டிருப்பீர்கள். எனினும் தாய்மார்கள் கூடியுள்ள இந்த அவையில் மறுபடியும் சொல்லத்தக்கது அது. ஓர் இரவில் மூவர், ஒருவர் பின் ஒருவராக, அவ்வீட்டுக் கதவைத் தட்டினர். முதலில் வந்தவர் ஓர் அந்தணர். அடுத்தவர் ஒரு முஸ்லிம். மூன்றாமவரும் உயர்குலத்து இந்து. மூவர் வீட்டிலும் இளம் மனைவி பிரசவ வேதனையில் இருந்தாள். மருத்துவச்சியால் ஆவது ஒன்றுமில்லை என்ற நிலை. ஐடா, “நான் மருத்துவம் படித்தவள் அல்லள், என் தந்தை மருத்துவர், அவரை அழைத்துச் செல்லுங்கள்” என்றாள். அயல் ஆடவர் ஒருவர் தம் மனைவியைத் தொட்டுப் பார்க்க இடந்தர மாட்டோம் என்று மூவரும் திரும்பிச் சென்றனர். அன்றிரவு அப்பெண் உறங்கவில்லை. பொழுது விடிந்தது, சாவுப் பறை கேட்டது. ஆளனுப்பி விசாரித்ததில் மூன்று பெண்களுமே இறந்துவிட்டார்கள் என்று தெரிந்தது.

அம்மூவரும் வேறு வேறு வகுப்பினர்; ஆனால் பெண்ணைச் சாக விட்டதில் வேறுபாடில்லை. குழந்தை குறுக்கே நின்றுவிட்டால் அதைத் திருப்பி எடுக்கத் தெரிந்த கை வேண்டும். இரத்தப் போக்கு நிற்காவிட்டால் நாழிகைக் கணக்கில் உயிர் போய்விடும். கழுவாத கையாலும், சுட வைக்காத கத்தியாலும் பிரசவ ஜன்னி கண்டு நான்காம் நாளோ ஐந்தாம் நாளோ தாய் இறப்பாள். இவை மூன்றுமே தடுக்கக் கூடியவை. நம் ஊர் மருத்துவச்சிகளை இழித்துக் கூறுவதாக யாரும் எண்ண வேண்டாம். நூற்றுக்கணக்கான குழந்தைகளை நலமே இவ்வுலகிற்கு ஏந்தியவர்கள் அவர்கள். பின்னாளில் அவர்களுக்குப் பயிற்சி அளித்தபொழுது ஆவலுடன் கற்றுக்கொண்டவர்களும் அவர்களே. தன்னால் இயலாது என்று அவள் சொன்ன அந்த நேரத்தில் அனுப்புவதற்கு ஓர் இடம் இல்லாததுதான் குறை. இடம் இருந்தும் அனுப்ப மனமில்லாதது அதனினும் பெரிய குறை.

மறுநாள் காலையில் மகள் தாய் தந்தையரிடம் சென்று, தான் அமெரிக்கா திரும்பி மருத்துவம் படிக்கப் போவதாகச் சொன்னாள். ஒரு முறை பிரிந்த மகளை மறு முறையும் அனுப்பிவைத்தார் தாய்; இம்முறை திரும்பி வருவதற்காக. 1899ஆம் ஆண்டில் பட்டம் பெற்று, 1900ஆம் ஆண்டு சனவரித் திங்களில் ஐடா அம்மையார் இந்தியா வந்து சேர்ந்தார். நியூயார்க்கிலிருந்த ஒரு முதியவர், மறைந்த தம் மனைவியின் நினைவாக ஒரு மருத்துவமனை கட்டுவதற்குப் பத்தாயிரம் டாலர் கொடுத்தனுப்பியிருந்தார். அந்த மனைவியின் பெயரில்தான் மேரி டேபர் ஷெல் மருத்துவமனை 1902ஆம் ஆண்டில் நாற்பது படுக்கைகளோடு வேலூரில் திறக்கப்பெற்றது. ஆரணி சாலையில் ஷெல் கண் ஆஸ்பத்திரி என்று நீங்கள் அறிந்த இடம் அதுவே.

ஆனால் மகள் வந்த அதே 1900ஆம் ஆண்டில், சில மாதங்களுக்குள், தந்தை ஜான் ஸ்கட்டர் காலமானார். மகளுக்குத் தொழில் சொல்லித்தர இருந்த மூத்த மருத்துவர் போய்விட்டார். சோபியா அம்மையாருக்கு வயது அறுபதைத் தாண்டியிருந்தது. இனி இங்கே என்ன இருக்கிறது என்று எண்ணி அவர் தாய்நாடு திரும்பியிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அவர் போகவில்லை. மகளோடு வேலூரிலேயே இருந்தார். இன்னும் இருபத்தைந்து ஆண்டுகள் இருந்தார்.

அந்த இருபத்தைந்து ஆண்டுகளைப் பற்றித்தான் நாம் சிறிது கூடுதலாகப் பேச விரும்புகிறோம். ஏனெனில் வரலாற்று நூல்கள் அவ்விடத்தில்தான் மௌனமாகிவிடுகின்றன. மருத்துவமனை எழும்பும் முன்பு, வீட்டில் இருந்த சிறிய அறையொன்றில் வைத்தியம் நடந்தது. முதலில் நோயாளர் வரத் தயங்கினர். இளம்பெண், புதிய மருத்துவர் என்ற ஐயம். ஐயம் நீங்கியதும் கூட்டம் வாசலை நிறைத்தது. இரண்டாண்டுகளில் ஐயாயிரம் பேருக்கு வைத்தியம் செய்தார் ஐடா அம்மையார். வைத்தியசாலையாகிவிட்ட வீட்டில் யார் வாழ்ந்து பார்த்திருக்கிறீர்கள்? விடியுமுன் அழைப்பு, நள்ளிரவில் அழைப்பு, திண்ணையெங்கும் நோயாளிகளின் உறவினர், உணவு வேளைக்கு உணவில்லை. பிறகு தாயற்றுப் போன சிசுக்களையும், எவரும் ஏற்காத பிள்ளைகளையும் மகள் வீட்டுக்கு எடுத்து வரலானார். திருமணம் செய்துகொள்ளாத அவர் வளர்த்த பிள்ளைகள் பலர். மகளோ பகலெல்லாம் ஆஸ்பத்திரியில். பின்னர் வாரந்தோறும் குடியேற்றம் சாலையில் மரத்தடி வைத்தியம். அந்த வீட்டில் அப்பிள்ளைகளுக்குப் பாட்டியாக இருந்தவர் யார் என்பதை நாம் சொல்லவும் வேண்டுமோ? மருத்துவப் பட்டம் பெறாத அம்முதியவள் வீட்டைத் தாங்கியிருந்ததனால்தான் பட்டம் பெற்ற மகளால் ஊரைத் தாங்க முடிந்தது.

1903ஆம் ஆண்டு நவம்பரில் பாலாறு பெருக்கெடுத்து வாணியம்பாடியைச் சீரழித்ததையும் அவர் காலத்தில் கண்டார்கள். 1909ஆம் ஆண்டில் செவிலியர் பயிற்சி தொடங்கியது. 1918ஆம் ஆண்டில் பெண்களுக்கென்றே ஒரு மருத்துவப் பள்ளி வேலூரில் தோன்றியது. திண்டிவனத்து அந்த இரவில் தட்டப்பட்ட கதவுக்கு விடை இந்நாட்டுப் பெண்களே மருத்துவராவதுதான் என்று மகள் கண்டதை, தாய் தம் எண்பதாம் வயதை நெருங்கும் காலத்தில் கண்ணாரக் கண்டார். மகள் 1960ஆம் ஆண்டில் தம் எண்பத்தொன்பதாம் வயதில் கோடைக்கானலில் மறைந்தார். அக்குடும்பத்தின் அடுத்த தலைமுறையைச் சேர்ந்த மற்றோர் ஐடா ஸ்கட்டரும் அதே மருத்துவமனையில் கதிரியக்கப் பிரிவை வளர்த்தார். இங்கே நிறுத்திக்கொண்டு நம் ஊர்களுக்கு வருவோம்.

ஆம்பூர், பேரணாம்பட்டு, வாணியம்பாடி, இராணிப்பேட்டைப் பகுதிகளில் காலை ஏழு மணிக்குச் சாலையில் நின்று பாருங்கள். ஷூ கம்பெனி வேன்களும் பஸ்களும் வரிசையாய்ப் போகும். உள்ளே இருப்போரில் மிகப் பெரும்பாலோர் பெண்கள். ஒரு காலத்தில் ஆவாரம் பட்டையில் ஊறிய தோலைக் கப்பலேற்றிய ஊர்கள் இவை. அரைகுறையாய்ப் பதனிட்ட தோலை அப்படியே ஏற்றுமதி செய்யும் வழக்கத்தை அரசு 1970களில் கட்டுப்படுத்திய பின், செருப்பும் ஷூவுமாகச் செய்தனுப்பும் தொழிற்சாலைகள் பெருகின. தைப்பதும் ஒட்டுவதும் பெண்களின் வேலையாயிற்று. அவர்கள் ஈட்டி வரும் கூலியால் குடிசை மாறிக் கல் வீடாயிற்று. பெண் பிள்ளைகள் கல்லூரி போகிறார்கள். இதனைப் பத்திரிகைகள் எழுதுகின்றன, நாமும் மகிழ்கிறோம். ஆனால் அந்த வேன் புறப்பட்டுப் போன பிறகு வீட்டில் நடப்பதை எழுதுவோர் குறைவு.

வீட்டில் பாட்டி இருக்கிறாள். பேரக் குழந்தையைக் குளிப்பாட்டி, அங்கன்வாடியில் கொண்டுவிட்டு, ரேஷன் கடையில் நின்று, குழாயில் தண்ணீர் வரும் நேரம் காத்திருந்து பிடித்து, பள்ளி விட்டு வரும் பெரிய பேரனுக்குச் சோறு போட்டு, மாலையில் மகளோ மருமகளோ வரும்பொழுது அடுப்பில் உலை கொதிக்கச் செய்பவள் அவளே. அறுபத்தைந்தோ எழுபதோ வயது, கண்ணில் புரை, முழங்காலில் வலி. இவளுக்குக் கூலி உண்டா? வாரத்தில் ஒரு நாள் விடுமுறை உண்டா? அவள் ஒரு வாரம் படுத்துவிட்டால் மகளின் வேலைக்கு ஆபத்து வந்துவிடும். ஆம்பூரிலிருந்து அயல்நாட்டுக்குப் போகும் ஒவ்வொரு ஜோடிக் காலணியிலும் ஒரு பாட்டியின் உழைப்பும் சேர்த்துத் தைக்கப்பட்டிருக்கிறது. அதற்கு மட்டும் விலைச்சீட்டில் இடமில்லை.

பெண்கள் பலர் வேலை செய்யுமிடத்தில் ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குக் காப்பகம் வேண்டுமென்று 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டமே விதித்தது. 2017ஆம் ஆண்டில் பேறுகாலச் சட்டத்தைத் திருத்தியபொழுது, ஐம்பது பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனங்களில் காப்பகம் இருக்க வேண்டும் என்றும், தாய் நாளொன்றுக்கு நான்கு முறை சென்று குழந்தையைப் பார்த்து வரலாம் என்றும் சேர்த்தார்கள். சட்டம் நல்ல சட்டந்தான். ஆனால் இருபது கிலோமீட்டர் வேனில் நின்றபடி வரும் தாய், கைக்குழந்தையையும் உடன் தூக்கி வர முடியுமா? ஆகவே குழந்தை ஊரில்தான் இருக்கும். ஊரில் இருக்கும் அங்கன்வாடி எத்தனை மணிக்குத் திறக்கிறது, எத்தனை மணிக்கு மூடுகிறது, கழிப்பிடத்தில் தண்ணீர் இருக்கிறதா, சுற்றுச்சுவர் இருக்கிறதா என்பவற்றைக் கவனிப்பது ஊராட்சியின் வேலை. பாட்டியின் சுமையில் பாதியை இறக்கிவைக்கும் இடம் அதுதான்.

தண்ணீர் என்றதும் பாலாற்றைப் பற்றிச் சொல்லாமலிருக்க முடியவில்லை. தோல் கழிவினால் கிணறுகள் கெட்ட கதை உழவர்களாகிய உங்களுக்கு நாம் சொல்லித் தெரிய வேண்டுவதில்லை. 1996ஆம் ஆண்டு ஆகஸ்டில், வேலூர்க் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கெடுத்தவரே இழப்பீடும் தர வேண்டும், சீர்படுத்தும் செலவும் ஏற்க வேண்டும் என்ற நெறி நம் மாவட்டத்து வழக்கினால்தான் இந்நாட்டுச் சட்டத்தில் வேரூன்றியது. 2025ஆம் ஆண்டு சனவரியிலும் அந்நீதிமன்றம் பாலாற்றைப் பற்றி மறுபடி ஆணையிட வேண்டியதாயிற்று. எந்தக் கிணறு இனித்தது, எந்த ஊற்றில் பருப்பு வெந்தது என்பதையெல்லாம் நேரில் அறிந்தவர்கள் இன்று எண்பது வயதுப் பாட்டிமார் மட்டுமே. அவர்கள் சொல்லுவதை எழுதி வைத்தால் அது வெறும் பழங்கதையன்று, சாட்சியம்.

இனி மூன்று கதவுகளுக்குத் திரும்புவோம். இன்று பிரசவங்கள் ஏறக்குறைய எல்லாமே ஆஸ்பத்திரியில் நடக்கின்றன. 1987ஆம் ஆண்டில் தொடங்கிய டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவி 2018ஆம் ஆண்டில் பதினெட்டாயிரம் ரூபாயாயிற்று. 2008ஆம் ஆண்டு முதல் 108 வண்டி ஓடுகிறது. கணியம்பாடி ஒன்றியத்திலும் கே.வி. குப்பத்திலும் மருத்துவக் கல்லூரியார் செய்த கிராமப் பணியை நீங்கள் அறிவீர்கள். ஆம்பூரில் பெத்தேஸ்தா மருத்துவமனை 1921ஆம் ஆண்டிலிருந்து இருந்து வருகிறது. ஆனால் 2023ஆம் ஆண்டு மே மாதம் அணைக்கட்டுப் பக்கத்து அல்லேரி மலையில் என்ன நடந்தது? பாம்பு தீண்டிய குழந்தையை உரிய நேரத்தில் ஆஸ்பத்திரி சேர்க்க இயலவில்லை. இறந்த குழந்தையின் உடலோடு திரும்பிய ஆம்புலன்சும் சாலையில்லாத இடத்தில் நின்றுவிட, தாய் அவ்வுடலைக் கையில் ஏந்தி மலை ஏறினாள். வேலூரில் உலகம் போற்றும் மருத்துவமனை இருக்கிறது. அதன் கண்ணுக்கெட்டும் மலையில் அன்று சாலை இல்லை. திண்டிவனத்தில் தட்டப்பட்ட அதே கதவுதான் இது. ஐந்து மைல் சாலைக்கு மதிப்பீடு அனுப்பியும் வனத்துறை அனுமதிக்குக் காத்திருக்கும் ஊராட்சிகள், அந்தக் கோப்பைத் தூங்க விடக் கூடாது. பதினெட்டு வயது நிரம்பாத பெண்ணுக்கு மணம் பேசுவதாகச் செவியில் பட்டால், 1098 என்ற எண்ணுக்குத் தெரிவிக்கத் தயங்கவும் கூடாது. திண்டிவனத்தில் இறந்த பெண்களும் வயதில் மிக இளையவர்களே.

கடைசியாக, நமக்கு மிகவும் வருத்தம் தரும் ஒன்றைச் சொல்ல வேண்டும். பிள்ளைகளையும் பேரப் பிள்ளைகளையும் வளர்த்து ஆளாக்கிய கிழவியை, ஒரு நாள் சார்பதிவாளர் அலுவலகத்திற்கு அழைத்துச் சென்று, தான செட்டில்மெண்ட் பத்திரத்தில் கைந்நாட்டு வாங்கிவிடுகிறார்கள். மறு மாதம் சோற்றுத் தட்டு திண்ணைக்கு வந்துவிடுகிறது. அதற்கடுத்த மாதம் தட்டே வருவதில்லை. 2007ஆம் ஆண்டுப் பெற்றோர், முதியோர் பராமரிப்புச் சட்டம் இதற்கென்றே பிறந்தது. பெற்றோர் மட்டுமல்லர், பாட்டன் பாட்டியும் பேரப் பிள்ளைகளிடம் பராமரிப்புக் கேட்கலாம். பிள்ளையில்லாத முதியோர், தம் சொத்தை அடைந்திருக்கும் அல்லது அடையப்போகும் உறவினரிடம் கேட்கலாம். வருவாய்க் கோட்டாட்சியரின் தீர்ப்பாயத்தில் மனு கொடுக்க வேண்டும். மாதம் பத்தாயிரம் ரூபாய் வரை அளிக்க ஆணையிட இச்சட்டம் வகை செய்தது. தொண்ணூறு நாட்களில் விசாரித்து முடிக்க வேண்டும் என்றும் விதித்தது. தானே செல்ல இயலாதவள் வேறொருவரை அதிகாரப்படுத்தி அனுப்பலாம். அந்த வேறொருவர் ஏன் ஊராட்சி உறுப்பினராக இருக்கக் கூடாது?

பத்திரம் எழுதுவதைப் பற்றியும் ஒரு சொல். அச்சட்டத்தின் 23ஆம் பிரிவின்படி, தன்னைப் பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு முதியவர் சொத்தை எழுதிக்கொடுத்து, பெற்றவர் பராமரிக்கத் தவறினால், அப்பத்திரத்தைச் செல்லாததாக அறிவிக்கச் செய்யலாம். ஆகவே உயிருள்ளவரை உணவும் உறைவிடமும் மருத்துவமும் தர வேண்டும் என்ற வாசகத்தைப் பத்திரத்திலேயே தெளிவாக எழுதச் சொல்லுங்கள். பத்திர எழுத்தர் வழக்கமில்லை என்பார், வழக்கமாக்குங்கள். பெற்ற மகனிடம் நிபந்தனையா என்று மகன் கோபித்துக்கொள்வான். நல்ல மகனுக்கு அந்த வரியால் ஒரு நட்டமும் இல்லை.

முதியோர் ஓய்வூதியத்தை 2023ஆம் ஆண்டில் ஆயிரத்திலிருந்து ஆயிரத்து இருநூறு ரூபாயாக உயர்த்தினார்கள். தகுதியிருந்தும் பெறாதவர்கள் ஒவ்வோர் ஊரிலும் சிலர் இருப்பர். விசாரித்தால் காரணம் சிறியதாக இருக்கும்: ஆதார் அட்டையில் வயது பிழையாகப் பதிந்திருக்கும், விரல் ரேகை தேய்ந்து கருவி ஏற்காது, மகன் பெயர் குடும்ப அட்டையில் ஒட்டிக்கொண்டிருக்கும். வெள்ளம் வந்த ஆண்டையும், பஞ்சம் வந்த ஆண்டையும் வைத்து வயது சொல்லும் கிழவியிடம் பிறப்புச் சான்றிதழ் கேட்டால் அவள் எங்கே போவாள்?

ஆகவே ஊராட்சித் தலைவர்களை நாம் கேட்டுக்கொள்வது இது. ஆண்டில் நடக்கும் கிராம சபைக் கூட்டங்களில் ஒன்றிலேனும், எழுபது வயதைக் கடந்த பெண்களின் பெயர்ப் பட்டியல் ஒன்று வாசிக்கப்பட வேண்டும். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே நான்கு விவரம் போதும்: யாருடன் இருக்கிறாள், ஓய்வூதியம் வருகிறதா, கண் தெரிகிறதா, யார் பிள்ளையைப் பார்த்துக்கொள்கிறாள். எழுதத் தெரிந்த மகளிர் குழுப் பெண்கள் இருவர் இரண்டு நாட்களில் இதனை முடித்துவிடுவார்கள். கண் புரையுள்ளவர்களின் பட்டியலை வட்டார மருத்துவ அலுவலரிடம் கொடுத்தால் முகாமுக்கு வண்டி ஏற்பாடு செய்யலாம். மாதிரிப் படிவங்கள் சில கொண்டு வந்திருக்கிறோம். வாயிலருகே மேசையில் வைத்திருக்கிறது. போகும்பொழுது ஊருக்கு ஒன்றாக எடுத்துச் செல்லுங்கள்.